சண்டை வந்தா யார் தப்புன்னு தேடாம பேசறது எப்படி

அம்மாவோட மாத்திரை டப்பா, ஏழு நாளைக்கும் காலை மதியம் ராத்திரின்னு கட்டம் கட்டமா பிளாஸ்டிக்ல இருக்குமே, அதுல வியாழக்கிழமை ராத்திரி கட்டத்துல ஒரு பிரஷர் மாத்திரை அப்படியே கிடந்துச்சு. சனிக்கிழமை காலைல பெங்களூர்ல இருந்து வந்த தம்பி டப்பாவைத் திறந்து பார்த்துட்டு "ஏன்க்கா, மாத்திரை கூட ஒழுங்கா குடுக்க முடியாதா உனக்கு"ன்னான். அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி அப்ப பத்து மாசம், அந்த பத்து மாசமும் திருச்சியில நான்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கு வந்துச்சே கோவம், "மாசம் ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்துட்டு என்கிட்ட கணக்கு கேக்கறியா"ன்னு ஆரம்பிச்சு, அப்பா திதிக்கு அவன் வராதது, அவன் காலேஜ் ஃபீஸுக்கு நான் அடகு வச்ச வளையல்னு எல்லாத்தையும் இழுத்துட்டேன். மதியம் சாப்பாடு எடுத்து வச்சது அப்படியே இருக்க, அவன் பையைத் தூக்கிட்டு கிளம்பிட்டான். மூணு வாரம் பேச்சுவார்த்தை இல்ல.

ஆனா இந்தக் கட்டுரைய நான் எழுதறதுக்கு காரணம் அந்த சண்டை இல்ல, அன்னைக்கு ராத்திரி நடந்தது. பத்து மணி வரைக்கும் அவன் மேல கோவம் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. லைட்டை அணைச்சுட்டு படுத்ததும் அதே கோவம் அப்படியே என் பக்கம் திரும்பிடுச்சு. நான் என்ன பொண்ணு, பெத்தவளுக்கு ஒரு மாத்திரை ஞாபகம் வச்சு குடுக்கத் தெரியல, தம்பிய சாப்பிட விடாம அனுப்பிட்டேன், அப்பா இருந்திருந்தா என்ன நினைப்பார்னு விடிய விடிய என்னை நானே அடிச்சுக்கிட்டேன். பகல்ல அவன் குற்றவாளி, ராத்திரி நான் குற்றவாளி. ஆனா அந்த வியாழக்கிழமை மாத்திரை ஏன் தவறிச்சு, இனிமே தவறாம இருக்க என்ன பண்ணணும்னு அந்த நாள் முழுக்க நாங்க ரெண்டு பேருமே ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. இதுதான் எனக்கு பின்னாடி உறைச்சது. அடுத்தவங்களை குத்தம் சொல்றதும் தன்னைத்தானே குத்தம் சொல்லிக்கறதும் வேற வேற குணம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், ரெண்டும் ஒண்ணுதான், யாருக்காவது தண்டனை குடுத்துட்டா விஷயம் முடிஞ்சிடும்னு நினைக்கற ஒரே புத்தி.

அதுக்கப்புறம் ஒரு மனநல கவுன்சிலர் கிட்ட நாலு தடவை போனேன், தேடியும் படிச்சேன். புதுசா இதை முயற்சி பண்றவங்களுக்கு உதவும்னு, நான் பண்ண வரிசையிலேயே சொல்றேன். வீட்டு சண்டைய வச்சுதான் சொல்றேன், ஆபீஸுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இதுவே கொஞ்சம் மாத்திப் போட்டா பொருந்தும்.

எதுக்கும் முன்னாடி ஒரு விஷயம், நாலு காதுன்னு ஒரு கணக்கு இருக்கு. அதைச் சொல்லிக் குடுத்தவர் மார்ஷல் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், 1934ல பிறந்தவர், 2015ல இறந்துட்டார். சின்னப் பையனா இருக்கும்போது 1943ல டெட்ராய்ட் ஊர்ல வெள்ளைக்காரங்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவுல பெரிய கலவரம் நடந்துச்சு, இவங்க குடும்பம் அப்பதான் அந்த ஊருக்கு குடி வந்திருந்தாங்க, சில நாள் வீட்டை விட்டு வெளிய வர முடியாம உள்ளேயே கிடந்தாங்க. மனுஷன் மனுஷனை ஏன் இப்படி பண்றான்ங்கற கேள்விதான் அவரை கடைசி வரைக்கும் ஓட்டுச்சு. அவர் சொல்லிக் குடுக்கும்போது கையில ரெண்டு பொம்மை வச்சிருப்பார், ஒண்ணு நரி, ஒண்ணு ஒட்டகச்சிவிங்கி. நம்மூர்ல நரின்னா தந்திரம், ஆனா அவர் சொல்ற நரி தந்திரம் பண்ற நரி இல்ல, எதைக் கேட்டாலும் தீர்ப்பு சொல்ற நரி. ஒட்டகச்சிவிங்கி எதுக்குன்னா தரையில நடக்கற மிருகங்கள்லயே பெரிய இதயம் அதுக்குத்தான்னு அவர் சொல்வார், நிஜத்துல யானையோட இதயம்தான் அதைவிடப் பெருசு.

ஒரு கடுமையான வார்த்தை நம்ம மேல விழுந்தா அதை நாலு விதமா காதுல வாங்கலாம். நரிக்காதை வெளிய திருப்பினா "இவன் யாரு என்னைக் கேக்க". அதே நரிக்காதை உள்ள திருப்பினா "ஆமா, நான்தான் உருப்படாதவ". ஒட்டகச்சிவிங்கி காதை உள்ள திருப்பினா "எனக்கு இப்ப என்ன வலிக்குது, எனக்கு என்ன தேவைப்படுது". வெளிய திருப்பினா "அவனுக்கு என்ன பயம், அவனுக்கு என்ன தேவைப்படுது". என் சனிக்கிழமைய இதுல வச்சுப் பார்த்தேன், முதல் ரெண்டு காதுலயேதான் நான் அந்த நாள் முழுக்க ஓடிக்கிட்டு இருந்திருக்கேன், பகலுக்கு ஒண்ணு ராத்திரிக்கு ஒண்ணு.

சரி, இப்ப படிப்படியா.

முதல் படி, சூடு தணியட்டும்

கோவத்துல இருக்கும்போது எந்த டெக்னிக்கும் வேலை செய்யாது, இதை முதல்லயே சொல்லிடறேன். ஜான் காட்மன்னு ஒருத்தர், கணவன் மனைவிகள் சண்டை போடறதை நேர்ல வச்சு, நாடித்துடிப்பு எல்லாம் அளந்து பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவர், அவர் சொல்றது, நாடி நிமிஷத்துக்கு 100ஐத் தாண்டிடுச்சுன்னா அதுக்கப்புறம் எதிராளி சொல்றது காதுல சரியா ஏறாது, உடம்பு அடங்க குறைஞ்சது 20 நிமிஷம் ஆகும். அந்த 20 நிமிஷம் எதுக்குன்னா உடம்புக்கு, அதனால அந்த நேரத்துல பால்கனியில நின்னு "அவன் இப்படி சொன்னா நான் அப்படி சொல்லுவேன்"னு மனசுக்குள்ள வசனம் பேசினா நாடி இறங்கவே இறங்காது. செடிக்கு தண்ணி ஊத்துங்க, பாத்திரம் தேய்ங்க, முகம் கழுவிட்டு தெருமுனை வரைக்கும் நடங்க.

நம்ம வீடுகள்ல எழுந்து போனாலே "மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு போறா"ன்னு ஆயிடும். அதனால போறதுக்கு முன்னாடி திரும்பி வர்ற நேரத்தை சொல்லிட்டு போங்க, "எனக்கு படபடன்னு வருது, அரை மணி நேரம் கழிச்சு வரேன், இதைப் பத்தி பேசலாம்"னு. சொன்ன மாதிரி அரை மணில திரும்பி வாங்க. இந்த ஒரு வரிதான் பிரேக் எடுக்கறதுக்கும் மூணு வாரம் பேசாம இருக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்.

ரெண்டாவது, வீடியோ எடுத்திருந்தா என்ன தெரியும்

ஒரு நோட்டுல நடந்ததை எழுதுங்க. ஒரே ஒரு விதி, செல்போன்ல வீடியோ எடுத்திருந்தா எது தெரியுமோ எது கேக்குமோ அது மட்டும்தான். நான் முதல்ல எழுதினது இது: "எவ்வளவு பண்ணாலும் நன்றி இல்லாம, வந்த உடனே குத்தம் கண்டுபிடிச்சான்." இதுல வீடியோவுல தெரியறது "வந்த உடனே" மட்டும்தான். அதை அடிச்சுட்டு மறுபடி எழுதினேன்: "காலை எட்டேகாலுக்கு வந்தான். டப்பாவைத் திறந்தான். ஒரு மாத்திரை இருந்துச்சு. மாத்திரை கூட ஒழுங்கா குடுக்க முடியாதான்னு கேட்டான்."

இப்ப அந்த கடைசி வாக்கியத்தை கொஞ்சம் கிட்டத்துல பாருங்க. அதுல இருந்து "கூட"வையும் "ஒழுங்கா"வையும் எடுத்துட்டா என்ன மிஞ்சும், "வியாழக்கிழமை மாத்திரை குடுக்க முடியலையா" அவ்வளவுதான், அது சாதாரண கேள்வி, அதுக்கு "இல்லடா, அன்னைக்கு கரண்ட் போயி நான் மோட்டார் கிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன்"னு பதில் சொல்லியிருப்பேன். நம்ம தமிழ்ல பழி எல்லாம் இந்த குட்டி வார்த்தைங்கள்லதான் ஒளிஞ்சிருக்கு. கூட, ஒழுங்கா, எப்பவும், ஒரு தடவையாவது, வேணும்னே, உனக்கென்ன. எழுதினதுல இதை எல்லாம் வட்டம் போடுங்க, எதிராளி சொன்னதுல மட்டும் இல்ல, நீங்க சொன்னதுலயும். "விருந்தாளி மாதிரி"க்கு நானும் வட்டம் போட்டேன்.

இதுக்கு பின்னாடி ஒரு விஷயம் இருக்கு. நாம லேட்டா போனா பஸ் வரல, அடுத்தவன் லேட்டா வந்தா அவனுக்குப் பொறுப்பு இல்ல. அடுத்தவங்க செய்யறதுக்கு அவங்க சூழ்நிலைய விட்டுட்டு குணத்தைக் காரணமா சொல்ற இந்தப் பழக்கத்துக்கு 1977ல லீ ராஸ்ங்கற சைக்காலஜிஸ்ட் தனியா ஒரு பேரே வச்சார், அந்த அளவுக்கு எல்லார்கிட்டயும் இருக்கு. நம்ம தம்பிக்கும் இருக்கு நமக்கும் இருக்கு, இதுல யாரையும் கோவிச்சுக்க ஒண்ணும் இல்ல, ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும். தன்னைத்தானே திட்டிக்கறவங்க இதே தப்பை தன் மேலயே பண்றாங்க, மோட்டார் கிட்ட நின்னதையும் கரண்ட் போனதையும் மறந்துட்டு "நான் மோசமானவ"ன்னு குணத்துக்குப் போயிடறாங்க.

மூணாவது, கோவத்துக்கு அடியில என்ன இருக்கு

இங்கதான் நிறைய பேர் வழுக்குவாங்க, நானும் வழுக்கினேன். "நீ என்னை மதிக்கலன்னு எனக்கு ஃபீலிங்"னு சொன்னா அது ஃபீலிங் இல்ல, அது அவன் மேல வைக்கற குற்றச்சாட்டு, பக்கத்துல ஃபீலிங்னு ஒட்டி வச்சிருக்கோம் அவ்வளவுதான். ஏமாத்திட்ட, ஒதுக்கிட்ட, யூஸ் பண்ணிக்கிட்ட இதெல்லாமும் அப்படித்தான், வாக்கியத்துக்குள்ள எதிராளி இருந்தா அது உணர்ச்சி இல்லன்னு ஒரு குறிப்பு வச்சுக்கோங்க.

உணர்ச்சின்னா நமக்குள்ள மட்டும் இருக்கறது. அதுக்கு நம்ம பாஷையில எவ்வளவு வார்த்தை இருக்கு, நாம "கோவம்", "டென்ஷன்" இந்த ரெண்டை வச்சே காலத்தை ஓட்டறோம். ஆதங்கம்னு ஒரு வார்த்தை இருக்கு, கோவமும் பாசமும் கலந்தது, பாசம் இல்லாத இடத்துல ஆதங்கம் வராது. ஆற்றாமைன்னு ஒண்ணு இருக்கு, ஒண்ணும் பண்ண முடியலயேங்கற தவிப்பு. மனத்தாங்கல், சங்கடம், ஏக்கம், அலுப்பு, பயம், அசதி. நான் நோட்டுல கோவம்னு எழுதிட்டு அதுக்கு அடியில அம்புக்குறி போட்டு போட்டு கீழ இறங்கினேன். கோவத்துக்கு அடியில மனத்தாங்கல், அதுக்கு அடியில அசதி, பத்து மாசத்து அசதி. கடைசியா இருந்தது பயம், அம்மா மறுபடி விழுந்துடுவாங்களோ அதுக்கு நான் காரணமாயிடுவேனோங்கற பயம். அதை எழுதின உடனே கொஞ்ச நேரம் அழுதேன். அழுகை வந்தா வரட்டும், சரியான வார்த்தை கிடைச்சிருக்குன்னு அர்த்தம்.

நாலாவது, யாருக்கு என்ன தேவை

பயம்னா எதுக்கோ ஆபத்துன்னு அர்த்தம், அந்த எதுக்கோங்கறதுதான் தேவை. என் தேவைங்க, ஓய்வு, நான் பண்றதை யாராவது பார்த்து சொல்றது, அம்மாவோட பாதுகாப்பு. இப்ப அதே தாள்ல பக்கத்துல அவன் பேரை எழுதி அவனுக்கு என்ன இருக்கும்னு யூகிச்சு எழுதுங்க. யூகம்தான், கேள்விக்குறி போட்டு எழுதுங்க. நான் எழுதினேன், பயமா? தூரத்துல இருந்து ஒண்ணும் பண்ண முடியலங்கற ஆற்றாமையா? அவனுக்கும் அம்மாவோட பாதுகாப்புதானா? அந்த மூணாவது வரிய எழுதும்போதுதான் ரெண்டு பக்கமும் ஒரே வார்த்தை இருக்கறதைப் பார்த்தேன்.

தன்னைக் குத்தம் சொல்லிக்கறவங்களுக்கு இந்தப் படி ரொம்ப முக்கியம், அவங்க பெரும்பாலும் எதிராளி பக்கத்தை நிரப்பிட்டு தன் பக்கத்தை காலியா விட்டுடுவாங்க, அதைப் பெருந்தன்மைன்னு வேற நினைச்சுக்குவாங்க. காலியா விடாதீங்க. "எனக்கு ஒண்ணும் வேணாம், அவன் சந்தோஷமா இருந்தா சரி"ன்னு எழுதத் தோணினா பேனாவை கீழ வச்சுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்து மறுபடி எழுதுங்க.

அப்ப தப்பு பண்ணவங்க பொறுப்பே எடுத்துக்க வேணாமான்னு கேப்பீங்க. எடுத்துக்கணும். மாத்திரை தவறினது என் கையில, அதை நான் ஒத்துக்கறேன், அதுக்கு வருத்தப்படறேன், அலாரம் வச்சிருக்கேன், அது பொறுப்பு. "நான் பொண்ணே இல்ல"ங்கறது பழி, அதால அம்மாவுக்கு ஒரு மாத்திரை கூட கூடுதலா உள்ள போகாது. பொறுப்புக்கு ஒரு அளவு இருக்கும், பண்ணி முடிக்கலாம். பழிக்கு முடிவே கிடையாது, அதை வச்சுத்தான் எது எதுன்னு கண்டுபிடிக்கணும்.

அஞ்சாவது, கேக்கறது

"கொஞ்சமாவது அக்கறையா இரு"ங்கறது கேக்கறதுல சேராது, அதை எப்படி செய்யறதுன்னு அவனுக்குத் தெரியாது, செஞ்சு முடிச்சானான்னு உங்களுக்கும் தெரியாது. நாள், நேரம், என்ன வேலைன்னு இருக்கணும். அப்புறம் அவங்க முடியாதுன்னு சொல்ல இடம் இருக்கணும். முடியாதுன்னு சொன்னா நமக்கு மூஞ்சி சுருங்கிடும்னா நாம கேக்கல, உத்தரவு போட்டிருக்கோம்.

மூணு வாரம் கழிச்சு நான் அவனுக்கு ஃபோன் பண்ணேன். மெசேஜ் போடல, ஃபேமிலி குரூப்ல கண்டிப்பா போடல, குரூப்ல போட்டா சித்தி பெரியப்பா எல்லாம் ஜட்ஜ் ஆயிடுவாங்க. நோட்டைப் பார்த்துக்கிட்டேதான் பேசினேன், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல.

"தம்பி, அன்னைக்கு மாத்திரை மிஞ்சினது நெஜம், நான்தான் மறந்தேன். விருந்தாளின்னு சொல்லிட்டேன், அதுக்கு வருத்தமா இருக்குடா. நீ கேட்டப்ப எனக்கு ரொம்ப அசதியாவும் பயமாவும் இருந்துச்சு. மாசத்துல ரெண்டு நாளாவது நான் தூங்கணும். ரெண்டாவது சனி ஞாயிறு நீ வந்து அம்மாவைப் பார்த்துக்க முடியுமா?"

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "அக்கா, டப்பாவைப் பார்த்த உடனே எனக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சுக்கா"ன்னான். அப்பாவுக்கு பிரஷர்தான், பக்கவாதத்துலதான் போனார். இது என் யூகத்துல இல்லவே இல்ல. அதனாலதான் கேள்விக்குறி போடச் சொன்னேன், நாம எவ்வளவு யோசிச்சாலும் அடுத்தவங்க மனசுல இருக்கறதை அவங்க வாயால கேக்கணும். அவன் சனி ஞாயிறு முடியாது, சனிக்கிழமை மட்டும்னான், அதுக்கு பதிலா மருந்து ஆர்டர் பண்றது, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் அவன் எடுத்துக்கிட்டான். ராத்திரி எட்டரைக்கு அம்மாவுக்கு வீடியோ கால் பண்றான், அந்த நேரத்துக்கு மாத்திரை.

பெரியவங்க கிட்ட எப்படி

அம்மா அப்பா மாமியார் கிட்ட "எனக்கு இது தேவை"ன்னு நேரா சொன்னா எதிர்த்துப் பேசற மாதிரி போயிடும், அது உண்மைதான். அவங்களுக்கு வரிசைய மாத்துங்க, முதல்ல அவங்க கவலைய நம்ம வாயால சொல்லுங்க, "பையன் இளைச்சுட்டானேன்னு உங்களுக்கு கவலையா இருக்கு இல்லைங்களா அத்தை", அதுக்கு அவங்க ஆமான்னு சொன்ன பிறகு நம்மளோடது. மேனேஜர் கிட்ட உணர்ச்சிய ஒரு வார்த்தைக்கு மேல நீட்ட வேணாம், நடந்தது, வேலைக்கு என்ன பாதிப்பு, என்ன கேக்கறேன், அவ்வளவு போதும்.

அப்புறம் சாடை பேசறது. மருமக காதுல விழட்டும்னு பூனையைத் திட்டறது, ஸ்டேட்டஸ்ல துரோகம் பத்தி வாசகம் வைக்கறது. நீங்க செய்யறீங்கன்னா நிறுத்திடுங்க, அதுக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. உங்க மேல யாராவது பேசினா தனியா இருக்கும்போது "அத்தை, காலைல சொன்னது என்னைப் பத்தின்னு எனக்குத் தோணுச்சு, அப்படித்தானா"ன்னு மெதுவா கேளுங்க. இல்லன்னு சொன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு, நம்ம வீடுகள்ல மன்னிப்பு அந்த வார்த்தையில வராது. அப்பா திட்டிட்டு சாயங்காலம் கொய்யாப்பழம் வாங்கிட்டு வருவார். அம்மா மூணு நாள் பேசாம இருந்துட்டு "சாப்டியா"ன்னு கேப்பாங்க. உறவு உடையாம இருக்கற ஜோடிங்க இந்த மாதிரி சின்ன சமாதான முயற்சிய கவனிச்சு ஏத்துக்கறாங்கன்னுதான் காட்மனும் சொல்றார். "சாரி சொன்னாத்தான் பேசுவேன்"னு உக்காராம அந்த கொய்யாப்பழத்தை எடுத்து சாப்பிடுங்க. பிரச்சனைய அப்புறம் பேசலாம், பேச வேண்டியதுதான், ஆனா பழத்தைத் தள்ளி விட்டுட்டு பேச முடியாது.

எங்க இதைப் பண்ணக் கூடாது

அடிக்கறவங்க, மிரட்டறவங்க, ஃபோனைப் பிடுங்கி வச்சுக்கறவங்க, காசு குடுக்காம முடக்கறவங்க, இவங்க கிட்ட இந்த நோட்டு வேலையே வேணாம். அங்க "அவருக்கு என்ன தேவையோ"ன்னு யூகிச்சுக்கிட்டு உக்காந்தா உங்களுக்குத்தான் ஆபத்து. யாரையும் குத்தம் சொல்லாம இருக்கணும்ங்கறதுக்கு அடி வாங்கிக்கிட்டு இருக்கணும்னு அர்த்தம் இல்லவே இல்ல. குடும்ப வன்முறையில இருந்து பெண்களைப் பாதுகாக்கற சட்டம் 2005ல வந்தது, அதுல அடி மட்டும் இல்ல, வார்த்தையால மனசை நோகடிக்கறதும் காசை முடக்கறதும் வன்முறைதான். பெண்களுக்கான உதவி எண் 181. ராத்திரி எல்லாம் தூக்கம் வராம தன்னையே திட்டிக்கிட்டு, இருந்து என்ன பிரயோஜனம்ங்கற அளவுக்கு நினைப்பு போச்சுன்னா 14416க்கு கூப்பிடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, தமிழ்ல பேசலாம். தனியா சமாளிச்சுடலாம்னு தள்ளிப் போடாதீங்க.

எல்லாம் தீர்ந்துடுமா

தீராது. காட்மன் கணக்குப்படி கணவன் மனைவிக்குள்ள வர்ற பிரச்சனைகள்ல 69 சதவீதம் தீர்வே இல்லாம திரும்பத் திரும்ப வர்றதுதான், நல்லா இருக்கற ஜோடிங்களும் அதோடதான் வாழறாங்க, அதைப் பத்தி பேசற விதத்துலதான் வித்தியாசம். இதைப் படிச்சப்ப எனக்கு பெரிய ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா எங்களுக்கும் அந்த வளையல் விஷயம் இன்னும் முடியல. அவன் அதை ஒரு கணக்கா பார்க்கறான், திருப்பிக் குடுத்துடறேன்ங்கறான், எனக்கு அது கணக்கே இல்ல, அது வேற. போன தடவை பேச ஆரம்பிச்சு அவன் குரல் ஏறுச்சு, நான் பதில் சொல்றதுக்குள்ள அவனே "அக்கா, அரை மணி நேரம்"னு சொல்லிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டு சரியா இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்தான். அதுக்குள்ள அம்மாவுக்கு மாத்திரை நேரம் வந்துடுச்சு. அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை பேசலாம்னு வச்சிருக்கோம், நோட்டுல ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன், அவன் பக்கத்துல இன்னும் கேள்விக்குறிதான் இருக்கு.